கடைசிப் பெயர்

முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வுப் பணிக்கு இசக்கியம்மாள் கணினியில் விண்ணப்பித்தபோது, 'கடைசிப் பெயர்' என்ற கட்டம் வழிமறித்தது. கடைசிப் பெயருக்கு அவள் எங்கே போவாள்? அவளுக்கு இருந்தது ஒரு தலைப்பெழுத்து. ஒற்றை எழுத்து செல்லாது என்றது அந்த வெளிநாட்டுப் பல்கலைக்கழகம். பல்லைக் கடித்துக்கொண்டு அப்பாவின் பெயரை முழுதாக அடித்தாள்: சுடலைமுத்து.

"பொட்டப்புள்ளைக்கு எதுக்குட்டி இம்புட்டுப் படிப்பு?" என்று அவள் பட்டமளிப்பு விழாவுக்குக்கூட வராதவர் அவர். அந்தப் பெயரில் விண்ணப்பித்த பிறகு எந்த நாட்டிலிருந்து வந்த பதிலும் 'அன்புள்ள டாக்டர் சுடலைமுத்து' என்றே தொடங்கியது.

இன்று வந்ததை அவள் திறந்தபோது அப்பா பின்னால் நின்றிருந்தார். 'டாக்டர்' என்பதையும் தன் பெயரையும் மட்டும் எழுத்துக் கூட்டி வாசித்தார்.

"ஏட்டி, எனக்குல்லா டாக்டர்னு போட்டிருக்கான்!" முகமெல்லாம் பல்லாக, வாசலில் போன பக்கத்து வீட்டுக்காரரைக் கைதட்டிக் கூப்பிட்டார். "கீழ என்ன எழுதியிருக்கான்? அவருக்கும் கேக்கட்டும், சத்தமா வாசி."

இசக்கியம்மாள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்: "உங்களுக்கு வேலை இல்லைன்னு எழுதியிருக்காங்கப்பா."

அவருக்கு முகம் செத்துவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர் உள்ளே வந்துகொண்டிருந்தார்.

"ஏன்," என்றார் அப்பா. "எனக்கு என்னட்டி கொறச்சல்?"