ஸ்பீக்கர் வாய் திறக்காத நாள்

காலையில் மேஜையைத் துடைத்தபோது சேவியரின் துணி பட்டு, ஸ்பீக்கரின் வால்யூம் குமிழ் பூஜ்யத்துக்குத் திரும்பிவிட்டது. அவர் கவனிக்கவில்லை. லினக்ஸ் கம்ப்யூட்டரில் பாட்டு ஓடியது, சத்தம் மட்டும் வரவில்லை.

இணையத்தில் லினக்ஸ் உதவிக் குழுவில் கேட்டார். வந்த கட்டளைகளையெல்லாம் டெர்மினல் என்ற கறுப்புத் திரையில் ஒட்டினார். சத்தத்துக்கான டிரைவர் மென்பொருளை அழித்துவிட்டு மறுபடி போட்டார். கடைசியில் சிஸ்டத்தையே புதிதாக ஏற்றி, பாட்டை மறுபடி ஓடவிட்டார்; அப்போதும் சத்தம் வரவில்லை.

"அண்ணே, குமிழைப் பாருன்னு ஒரு வார்த்தை சொல்லேன்" என்றது மவுஸ்.

"அவர் குமிழைத் திருப்பாம, அவர் காதுல விழற மாதிரி நான் எப்படிடா சொல்றது?" என்று முணுமுணுத்தது ஸ்பீக்கர்.

சாயங்காலம், "இது பழைய சாமான் கடைக்குத்தான் லாயக்கு" என்று சேவியர் ஸ்பீக்கரைத் தூக்கினார். கட்டைவிரல் பட்டுக் குமிழ் திரும்பியது. வீடே அதிரப் பாட்டு அலறியது.

சேவியர் சுற்றுமுற்றும் பார்த்தார். யாரும் இல்லை. மெதுவாக உட்கார்ந்து குழுவில் எழுதினார்: "தீர்ந்தது நண்பர்களே. சிஸ்டத்தின் மூளையான கெர்னலிலேயே ஒரு நுட்பமான மாற்றம் செய்தேன்."

நாற்பது பேர் கைதட்டினார்கள். ஒருவர், "எனக்கும் காலையிலிருந்து இதே பிரச்சினை. உடனே கெர்னலை மாற்றுகிறேன்" என்றார்.

"அந்த வீட்டுலயும் இன்னிக்கு மேஜை துடைச்சிருப்பாங்க" என்றது ஸ்பீக்கர்.