ஒப்பந்தத்தில் இல்லாத கோழி

"ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டிருக்கீங்கள்லக்கா? பண்ணையில வேற எந்தக் கோழியும் இருக்கக் கூடாது."

கம்பெனி சூப்பர்வைசர் உபைதுல்லா கறாராகச் சொன்னான்.

அன்னக்கொடி தன் நாட்டுக்கோழியை இறுக்கி அணைத்துக்கொண்டாள்.

"இது ஒண்ணே ஒண்ணுதான் தம்பி. விட்டுருங்க."

"இதுகிட்டருந்து நோய் பரவுனா கொட்டகையில இருக்குற அம்புட்டுக் குஞ்சும் போயிரும். கம்பெனி உங்க மேல கேஸ் போடும். குடுங்க, அழிச்சுட்டதா நான் ரிப்போர்ட் எழுதணும்."

கோழியைச் சாக்குப்பையில் போட்டு, பைக்கில் மாட்டிக்கொண்டு போயே விட்டான்.

"பாவி! இன்னைக்கு இவன் வீட்டுல கோழிக்கொழம்புதான்!" மண்ணை வாரித் தூற்றினாள் அன்னக்கொடி.

புருஷன் போய்ச் சேர்ந்து, மகளும் கட்டிக்கொண்டு திருப்பூர் போனபிறகு, அவளுக்குப் பேச்சுத்துணை அந்தச் செவலைக்கோழிதான். "ஏட்டி செவலை" என்றால் எங்கே மேய்ந்தாலும் ஓடி வரும்.

வளர்த்துக் கொடுக்கச் சொல்லிக் கம்பெனி இறக்கிவிட்ட குஞ்சுகள் மூவாயிரம் இருந்தன. என்ன புண்ணியம்? அதுகளுக்குப் பேர் வைப்பதற்குள் லாரி வந்துவிடும்.

விடிந்ததும் பழக்கதோஷத்தில் கை நிறையக் கம்பை அள்ளிக்கொண்டு வாசலுக்கு வருவாள். அப்புறம்தான் ஞாபகம் வரும். அப்படியே நின்றுவிடுவாள்.

ஒருநாள் கொட்டகையில் சில குஞ்சுகள் தலை தொங்கிச் சுருண்டுவிட்டன. உபைதுல்லா போனை எடுக்கவில்லை. பஸ் ஏறித் திருமங்கலம் போய், அவன் வீட்டை விசாரித்துக் கதவைத் தட்டினாள்.

அவன் மனைவி சனோபர் திறந்தாள். "அவங்க குளிக்கிறாங்க. உள்ள வந்து உக்காருங்கக்கா."

கொல்லைப்பக்கம் 'கெக்கெக்' என்று சத்தம். அன்னக்கொடி எட்டிப் பார்த்தாள்.

செவலை!

அவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

"ஏம்மா, சட்டமெல்லாம் எங்களுக்கு மட்டுந்தானா? ஒங்க வீட்டுல மட்டும் கோழி வளக்கலாமாக்கும்?"

சனோபர் பதறிப்போய் வாசல்கதவைச் சாத்தினாள்.

"மெதுவாப் பேசுங்கக்கா! கம்பெனியில வேலை பாக்குறவங்க வீட்டுலயும் கோழி இருக்கக் கூடாது. தெரிஞ்சா அவங்க வேலையே போயிரும். நான்கூட அறுத்துரலாம்னுதான் சொன்னேன், கேக்க மாட்டேன்னுட்டாங்க. யாரோ ஒரு அக்கா தனியா இருக்காங்களாம். அவங்க ஒப்பந்தம் முடியுற அன்னைக்கு உசுரோட கொண்டுபோய்க் குடுக்கணுமாம்."