குறுக்கே நின்ற ஸ்கூட்டர்

ஏட்டு கனகராஜ் நாற்காலியில் உட்கார்ந்ததும் விக்ரமன் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு தோட்டத்துப் பக்கம் போய்விட்டான்.

தங்கைக்கு வேலை விஷயமாகப் போலீஸ் விசாரணை. குவைத்திலிருந்து லீவில் வந்திருக்கும் அண்ணன் பக்கத்தில் நிற்க வேண்டாமா? வீட்டில் யாரும் அதைக் கேட்கவில்லை.

அம்மா மீனம்பாள் டீயும் முறுக்கும் கொண்டுவந்து வைத்தாள். சிங்கவரத்தில் ஒரு வீட்டு வாசலில் போலீஸ் பைக் நின்றால் தெருவுக்கு அது ஒரு வாரத் தீனி.

ஷோபனா சுவரை ஒட்டி நின்றாள். திண்டிவனத்தில் ஒரு தனியார் வங்கி அவளைக் காசாளர் வேலைக்கு எடுத்திருந்தது. எடுத்திருந்தது என்றால், விசாரணை சுத்தமாக வந்தால் எடுத்துக்கொள்ளும் என்று அர்த்தம்.

இதற்கு முன்னால் இரண்டு வேலை கைக்கு வந்து நழுவிப் போயிருந்தன.

முதல் கம்பெனியில் அவள் தன் பேரில் இருந்த பழைய கேஸைப் பற்றி வாயே திறக்கவில்லை. மறைத்துவிட்டாய் என்றார்கள். அடுத்த கம்பெனியில் முதல் நாளே சொன்னாள். சொன்னதற்கு நன்றி என்றார்கள், அத்தோடு சரி. சொன்னாலும் குற்றம், சொல்லாவிட்டாலும் குற்றம் என்றால் ஒருத்தி எந்தப் பக்கம்தான் போவாள்?

கனகராஜ் கெட்டவர் இல்லை. மகள் வயதுப் பெண் என்கிற இரக்கம் அவர் குரலில் இருந்தது.

"சின்ன கேஸுதாம்மா. ஸ்கூட்டர வேகமா ஓட்டிக்கினு வந்து ஒரு பெரியவர் கால ஒடச்சிருக்க. லைசென்ஸும் கெடையாது. கோர்ட்ல குத்தத்த ஒத்துக்கினு ஃபைன் கட்டியிருக்க. எல்லாம் கம்ப்யூட்டர்ல அப்டியே இருக்குது."

"ஃபைன் கட்டினா முடிஞ்சிடும்னாங்க சார்."

"கேஸு முடிஞ்சிதும்மா. பேரு எங்க போவும்?"

கோர்ட் முடிந்த அன்றைக்கு ஷோபனாவின் நைனா செஞ்சி பஸ் ஸ்டாண்டு ஓட்டலில் எல்லாருக்கும் பரோட்டா வாங்கிக் கொடுத்தார். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று மனம் நிறைந்து சொன்னார். அப்போது அவளுக்குப் பத்தொன்பது வயது. அவளும் நிம்மதியாகத்தான் சாப்பிட்டாள்.

கனகராஜ் பேனா மூடியைக் கழற்றினார்.

"எதனா சொல்றதுன்னா இப்பவே சொல்லிடு. எழுதி அனுப்பிட்டேன்னா அப்புறம் என் கையில ஒண்ணும் இல்ல."

தோட்டத்தில் குழாய்த் தண்ணீர் வாளியில் விழும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அது சட்டென்று நின்றது.

அந்த நேரம் பார்த்துத் தெருவில் ஹாரன் அலறியது. மல்லாட்டைக் கடலை மூட்டை ஏற்றிய டிராக்டர் ஒன்று வந்து நின்றிருந்தது. விக்ரமனின் ஸ்கூட்டர் வழிக்குக் குறுக்கே நின்றது.

டீ டம்ளருக்குப் பக்கத்தில் கிடந்த சாவியைக் கனகராஜே எடுத்து நீட்டினார். வண்டியை ஓரமாக வைத்துவிட்டு வரச் சொன்னார்.

ஷோபனா சாவியை வாங்கினாள். வாங்கியவள் அப்படியே நின்றாள்.

ஹாரன் விடாமல் அடித்தது. அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்த மீனம்பாள், எப்போதும் சொல்கிற பழக்கத்தில் சொல்லிவிட்டாள்.

"அதுக்கு வண்டியே ஓட்டத் தெரியாது சார், பயந்தாங்கொள்ளி. டேய் விக்ரமா, வந்து வண்டிய எடுடா."

சொன்ன பிறகுதான் சொன்னது என்ன என்று அவளுக்கே உறைத்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

கனகராஜ் பேனாவைக் கீழே வைத்தார்.

ஐந்து வருடத்துக்கு முன்னால் அது விக்ரமனுக்குப் பாஸ்போர்ட் விசாரணை நடந்துகொண்டிருந்த சமயம். அவன் பேரில் கேஸ் விழுந்தால் குவைத் போச்சு. வண்டியில் பின்னால் உட்கார்ந்து வந்தவள் பேரைக் கொடுத்துவிடலாம், பெண் பிள்ளை, ஃபைனோடு விட்டுவிடுவார்கள், பெண் பிள்ளைக்கு எந்தப் பாஸ்போர்ட் வேண்டிக்கிடக்கிறது என்று வீட்டில் பேசி முடித்தார்கள். தலை அவனுடையது. தலைப்பாகை இவள்.

விக்ரமன் ஈரக் கையோடு பின்வாசலில் வந்து நின்றான். அவன் யார் முகத்தையும் பார்க்கவில்லை. ஏட்டு அவனைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"அன்னிக்கு யாரும்மா ஓட்டினது?"

இத்தனை வருடத்தில் அந்தக் கேள்வியை அவளிடம் யாருமே கேட்டதில்லை. உண்மையைச் சொன்னால் அண்ணனுக்கு அடுத்த வாரம் போட்டிருக்கிற டிக்கெட் வீண். கோர்ட்டில் நின்று பொய் சொன்னது அவள், சொல்ல வைத்தது நைனா. இரண்டு பேரையும் சும்மா விடமாட்டார்கள். சொல்லாவிட்டால் வங்கி இல்லை, அடுத்ததும் இல்லை.

"நான்தான் சார். அதுக்கப்புறம் பயந்துகினு வண்டியத் தொடறதே இல்ல."

அன்றைக்குக் கோர்ட்டில் இதைச் சொல்வதற்குள் நாக்கு ஒட்டிக்கொண்டது. இன்றைக்குத் தடங்கலே இல்லாமல் வந்தது.

கனகராஜ் அவள் கையிலிருந்த சாவியைப் பார்த்தார். பிறகு குனிந்து எழுத ஆரம்பித்தார்.

ஷோபனா சாவியை அண்ணனிடம் நீட்டினாள். அவன் வாங்கிக்கொண்டு போய் ஸ்கூட்டரை ஓரமாக நிறுத்தினான்.

டிராக்டருக்கு வழி கிடைத்தது.