தடுமாறுகிற இடம்

ஆறு கேள்விகளையும் ஒரே மூச்சில் தாண்டிவிட்டேன்.

பாய்லர் எவ்வளவு அழுத்தம் தாங்கும், தண்ணீர் மட்டம் சட்டென்று இறங்கினால் முதலில் எதை நிறுத்த வேண்டும். எல்லாம் அண்ணி கேட்டுக் கேட்டு என் மண்டையில் ஏற்றியவை. அவள் படித்தது பத்தாவது வரைதான். இந்தப் பத்து நாளில் ஒரு பாய்லரைத் தனியாக ஓட்டும் அளவுக்குத் தேறிவிட்டாள்.

மேஜைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். நடுவில் மேனேஜர்.

நான் போட்டிருந்தது அண்ணன் சட்டை. எனக்கு ஒரு சுற்றுப் பெரிது. கையை மடித்துவிடக் கூடாது என்று அண்ணி சொல்லி அனுப்பியிருந்தாள்.

ஆறாவது கேள்வி, ஷிஃப்டுக்கு வந்ததும் முதல் வேலை என்ன என்பது. கண்ணாடிக் குழாயில் தெரிகிற தண்ணீரை நம்பக் கூடாது, திருகைத் திறந்து வடித்துவிட்டு, மறுபடி ஏறுகிறதா என்று பார்க்க வேண்டும் என்றேன். ஒரு தடவை அல்ல, இரண்டு தடவை.

புத்தகத்தில் ஒரு தடவை என்றுதான் இருந்தது. இரண்டு என்பது அண்ணி சேர்த்தது.

மேனேஜர் என் விண்ணப்பத்தை ஒருமுறை பார்த்தார். என்னை ஒருமுறை பார்த்தார்.

"போன மாசம் நம்ம ரெண்டாம் நம்பர் பாய்லர் வெடிச்சது. கேள்விப்பட்டிருப்பீங்க. என்ன காரணம்னு நெனைக்கிறீங்க?"

ஊரில் இருப்பதே இந்த ஒரு ஆலை. கேள்விப்படாதவன் எவன்?

போன வாரமே இந்த வேலைக்கு வந்துபோன எல்லோரிடமும் இதைக் கேட்டிருந்தார்கள். சேஃப்டி வால்வு துருவேறிக் கிடந்தது, மாற்றச் சொல்லி மூன்று முறை எழுதிக் கொடுத்தும் மாற்றவில்லை. இதுதான் நடந்தது. நடந்ததை நடந்தபடி சொன்ன இருவரும் நாற்காலி சூடாவதற்குள் வெளியே வந்துவிட்டார்கள்.

நான் சான்றிதழை வைத்துக்கொண்டு இரண்டு வருடமாகச் சும்மா இருக்கிறேன். இந்த வேலை கிடைத்தால்தான் வீட்டில் அடுப்பு எரியும்.

பதில் மனப்பாடம். ஆனால் ஒத்திகையில் ஒரே ஒரு சொல்லில் மட்டும் இடறிக்கொண்டே இருந்தேன். வாயில் வேறொரு சொல் வந்து நின்றது. துணி மடித்தபடியே, நிமிராமல் அண்ணி திருத்துவாள்.

"ஆபரேட்டர்னு சொல்லுங்க தம்பி. மறுபடியும் மொதல்ல இருந்து."

ஒரு நாள் பதினோரு தடவை சொல்ல வைத்தாள். அதற்கு மேல் என்னால் முடியாது என்று கத்திவிட்டேன். அவள் கத்தவில்லை. அடுத்த துணியை எடுத்து உதறிவிட்டு, பன்னிரண்டாவது தடவையாகக் கேள்வியைக் கேட்டாள்.

மேனேஜரை நேராகப் பார்த்தேன்.

"ஆபரேட்டரோட கவனக்குறைவு சார். தண்ணி மட்டத்தப் பாக்காம விட்டிருக்கார்."

குரல் பிசிறவில்லை. அவ்வளவு நன்றாகச் சொன்னதே எனக்கு அருவருப்பாக இருந்தது.

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மேனேஜர் ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் நகர்த்தினார். சொன்னதை அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டால் திங்கட்கிழமையே வேலையில் சேர்ந்துவிடலாம் என்றார்.

வேலை கேட்டு வந்தவன் விபத்துக்குக் காரணம் எழுதித் தர வேண்டும் என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறதோ தெரியவில்லை. எழுதினேன். பெயருக்கு முன்னால் இனிஷியலைப் போடும்போது மேனேஜர் எட்டிப் பார்த்தார். அந்த எழுத்துதான் அவருக்கு வேண்டியிருந்தது போல.

வீட்டுக்கு வந்தபோது அண்ணி அடுப்படியில் இருந்தாள். வேலை கிடைத்ததா என்று கேட்கவில்லை.

"அந்த எடத்துல தடுமாறலையே?"

"இல்ல அண்ணி. ஆபரேட்டர்னுதான் சொன்னேன். ஒரு தடவகூட அண்ணன்னு வரல."

தலையை மட்டும் ஆட்டினாள். அடுப்பை அணைத்துவிட்டு என்னைத் தாண்டி நாலடி நடந்தாள். பிறகு திரும்பிப் போய், கேஸ் திருகு மூடியிருக்கிறதா என்று இரண்டாவது தடவையும் தொட்டுப் பார்த்தாள்.

பத்து வருடமாக அண்ணனுடைய அந்தப் பழக்கத்தைக் கேலி செய்துகொண்டிருந்தவள் அவள்.