ஏழு புளியங்கொட்டை

ஜெகநாதன் துணி முடிச்சை அவிழ்த்து எங்கள் வாசற்படியிலேயே வைத்து எண்ணினார். ஏழு புளியங்கொட்டை.

ஏழாம் நம்பர் வீடு எங்களுடையது.

"கோவிந்தராஜ், விரலை நீட்டுங்க. ஜல்தி, இன்னும் நாலு வீடு இருக்கு" என்றார். மலேரியா ஆபீஸ்காரர். ஒரு கையில் ஊசி, மறு கையில் கண்ணாடித் துண்டு.

என் வீட்டுக்காரர் மூன்று நாளாகப் போர்வைக்குள் கிடந்து நடுங்கிக்கொண்டிருந்தார். வயிற்றுவலி என்று வேலைக்குச் சொல்லி அனுப்பியிருந்தோம். காய்ச்சல் என்று தெரிந்தால் ரத்தம் எடுப்பார்கள். சோதனை முடிந்து சீட்டு வரும்வரை கப்பல் ஏற விடமாட்டார்கள்.

வியாழக்கிழமை தெற்குத் தீவில் இருக்கும் ஹட் பேக்குக் கப்பல். அதில் போனால் அங்கே அவர் மேஸ்திரி. போகாவிட்டால் இங்கே ஹேடோ துறையில் மூட்டை தூக்கிக்கொண்டே கிடக்க வேண்டியதுதான். அந்த மேஸ்திரி இடத்துக்கு இன்னும் இரண்டு பேர் காத்துக்கொண்டிருந்தார்கள்.

இந்தக் கொட்டை ஏற்பாடு வந்து ஆறு மாதம் ஆகிறது. நகராட்சி, துறைமுகம், மலேரியா ஆபீஸ் மூன்றும் கூடிக் கமிட்டி போட்டு, குழாயடியில் ஒரு பிஸ்கட் டின்னை ஆணியடித்து மாட்டின. எந்த வீட்டில் காய்ச்சலோ அந்த வீட்டு நம்பரை எழுதிப் போடலாம். போடுகிறவர் பேர் வேண்டாம். எழுதத் தெரியாதவர்கள், நம்பர் எத்தனையோ அத்தனை புளியங்கொட்டையைத் துணியில் முடிந்து போடலாம். செவ்வாய்தோறும் ஜெகநாதன் டின்னைத் திறப்பார்.

நல்ல எண்ணத்தில் செய்ததுதான். ஆனால் அன்றோடு எங்கள் பன்னிரண்டு வீட்டு வரிசையின் நிம்மதி போய்விட்டது.

மூடின கையோடு யார் குழாயடிக்குப் போனாலும் பத்துப் பேர் எட்டிப் பார்ப்போம். புளி ஆய்வதைக்கூடக் கதவைச் சாத்திக்கொண்டு செய்தோம். நான்காம் வீட்டு சுசீலா என்னோடு பேசி இரண்டு மாதம் ஆகிறது. அவள் பிள்ளைக்கு ஊசி குத்திய வாரம் நான் டின் பக்கத்தில் நின்றேனாம். தண்ணீர் பிடிக்க வேறு எங்கே போய் நிற்பது?

ஜெகநாதன் ரத்தம் எடுத்தார். மாத்திரை கொடுத்து, தன் கண் முன்னாலேயே விழுங்க வைத்தார். கதவோரச் சுவரில் சாக்குக்கட்டியால் தேதி போட்டுவிட்டு நடையைக் கட்டினார்.

"யாருடி போட்டது?" என்று என் வீட்டுக்காரர் எழுந்து உட்கார்ந்தார்.

காய்ச்சலிலும் அவருக்கு மூளை நன்றாகவே வேலை செய்தது. எழுதத் தெரிந்தவள் சீட்டில் எழுதியிருப்பாள், இது கைநாட்டு வேலை என்றார். சுசீலாவுக்கு எழுதத் தெரியும் என்று அவளைக் கணக்கிலிருந்து தள்ளினார். அவள் புருஷன் பக்தவத்சலத்தைத் தள்ளினார். இப்படியே ஒவ்வொருவராகத் தள்ளிக்கொண்டு வந்தார்.

மிஞ்சியவள் ரீத்தா.

ஆறாம் நம்பர். நடுவில் ஒரு பலகைச் சுவர்தான், இந்தப் பக்கம் இருமினால் அந்தப் பக்கம் கேட்கும். தூத்துக்குடிக்காரி. அவள் புருஷன் தாமஸ் இழுவைப் படகில் கலாசி. போன மழைக்காலத்தில் காய்ச்சலை மறைத்துக்கொண்டு வேலைக்குப் போனான். ஐந்தாம் நாள் அவனைக் குழியில் இறக்கினோம். கமிட்டி போட்டதே அதற்குப் பிறகுதான். இப்போது அவள் துறைமுக ஆபீசில் தண்ணீர் சுமக்கிறாள்.

தன் தாலி போனதற்காக ஊரான் பிழைப்பைக் கெடுக்கிறாள் என்று அவர் கத்தினார்.

நானும் ஒத்து ஊதினேன். அவள் பார்வையே சரியில்லை என்று ஒரு வார்த்தை சேர்த்தும் சொன்னேன்.

போர்வையைச் சுற்றிக்கொண்டு அவர் ஆறாம் நம்பர் வாசலுக்குப் போனார். நான் பின்னாலேயே ஓடினேன். அவர் அங்கே நின்று பேசியதையெல்லாம் எழுத எனக்குக் கூசுகிறது. வரிசை முழுக்க வெளியே வந்துவிட்டது. சுசீலா முகத்தில் அப்படி ஒரு திருப்தி.

ரீத்தா மீன் அரிந்துகொண்டிருந்தாள். கத்தியை வைத்துவிட்டுக் கையைக் கழுவினாள். எழுந்து நின்றாள். திட்டுகிற மனிதரை விட்டுவிட்டு அவருக்குப் பின்னால் நின்ற என்னைப் பார்த்தாள்.

மாதா மேல் சத்தியமாக நான் இல்லை என்று சொல்லிவிடுவாள் என்று நினைத்தேன்.

"ஆமாண்ணே, நாந்தான் போட்டேன். இப்ப என்னங்கிறீய?" என்றாள்.

அவள் காலடியில் காறித் துப்பிவிட்டு அவர் திரும்பினார்.

வியாழக்கிழமை கப்பல் அவர் இல்லாமல் போனது. வெள்ளிக்கிழமை சீட்டு வந்தது, ரத்தத்தில் மலேரியா இருந்தது. மாத்திரையில் ஆள் பிழைத்துக்கொண்டார். மேஸ்திரி வேலையை வேறு ஒருத்தன் பார்க்கிறான். ரீத்தா வீட்டுக்கு இன்றைக்கு வரை வரிசையில் ஒருவரும் நெருப்புக்குக்கூடப் போவதில்லை. நானும்தான். எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் போகவில்லை.

ஜெகநாதன் வந்ததற்கு முதல் நாள், திங்கட்கிழமை காலையில், படுக்கையில் அவர் ஆள் அடையாளம் தெரியாமல் பிதற்ற ஆரம்பித்ததும் எனக்குத் தாமஸின் குழிதான் கண்ணில் நின்றது. ஆஸ்பத்திரி என்று வாயெடுத்தாலே அடிக்க வந்தார். வரிசைக்கே மெயின்லேண்டுக்குக் கடிதம் எழுதித் தருகிறவள் நான், சீட்டில் எழுதினால் என் எழுத்தை எல்லோரும் கண்டுபிடித்துவிடுவார்கள். அதனால் ஏழு கொட்டையை எண்ணித் துணியில் முடிந்து, ஆளில்லாத நேரம் பார்த்துப் போய் டின்னுக்குள் போட்டேன்.

போட்டுவிட்டுத் திரும்பியபோது, குடத்தை இடுப்பில் வைத்தபடி ரீத்தா எனக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள்.