பேர் வைக்காத நாய்

நாய்க்கு இன்னும் மயக்கம் தெளியவில்லை.

முறிந்த தொடையெலும்பை நேராக்கி, தகடு வைத்து முடுக்கி, தையலும் போட்டாயிற்று. மழித்த பின்னங்கால் மட்டும் வேறு ஏதோ பிராணியுடையது மாதிரி வெளுத்துக் கிடந்தது.

மேசைக்கு இந்தப் பக்கம் அவள். அந்தப் பக்கம் டாக்டர்.

டாக்டர் அவளுடைய தம்பி.

மகள் கல்யாணத்தில், சம்பந்தி வீட்டார் காதுபட அவள்தான் சொன்னாள்: "நாய்க்குக் கால் கட்டுறவனுக்கு முன்வரிசை எதுக்கு?" சும்மா சிரிப்புக்குத்தான் சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள். தம்பி சாப்பிடாமல் எழுந்து போனான். அதோடு பேச்சுவார்த்தை நின்றது.

நேற்று நாய் மாடியிலிருந்து குதித்துவிட்டது. தூக்கிக்கொண்டு ஓடிய இடத்திலெல்லாம், எலும்பு வேலைக்கு இவரை விட்டால் ஆளில்லை என்று கைகாட்டினார்கள். கைகாட்டியது தம்பியை.

அவன் எதையும் குத்திக்காட்டவில்லை. நாயை வாங்கிக்கொண்டு, "வெளியே உட்காருங்க" என்றான். அவ்வளவுதான்.

அந்த 'ங்க' அவளைக் கொன்றது. அக்காவை வா, போ என்றே பேசி வளர்ந்தவன்.

இப்போது உள்ளே கூப்பிட்டிருக்கிறான். நாயின் நெஞ்சில் கைவைத்துக் குனிந்திருந்தான். முகம் சரியில்லை.

"முழிக்க லேட்டாகுது. பேரைச் சொல்லிக் கூப்பிடுங்க."

"எழுந்திருடா கண்ணு," என்று அவள் நாயின் தலையைத் தடவினாள்.

"பேரைச் சொல்லுங்க."

"பேரே வைக்கலையாம் சார்," என்றாள் பக்கத்திலிருந்த நர்ஸ்.

வந்ததும் நர்ஸிடம் அக்கா அப்படித்தான் சொல்லி வைத்திருந்தாள். அவளுக்குக் காது மடல் வரை எரிந்தது. இவன் எதிரில் எப்படிச் சொல்வது? பழைய கேலி இன்னும் தீரவில்லை என்றுதானே நினைப்பான். தினம் ஒரு தடவையாவது அந்தப் பேரை வாய்விட்டுச் சொல்ல ஆசையாக இருந்தது என்றால் யார் நம்புவார்கள்?

நாயின் மூச்சு இழுத்து இழுத்து வந்தது.

அவள் அதன் காதருகே குனிந்தாள். முதலில் காற்றுதான் வந்தது. பிறகு குரல்.

"பூச்சி... டேய் பூச்சி."

"என்னக்கா?" என்றான் தம்பி, சின்ன வயசுப் பழக்கத்தில், குனிந்தபடியே.

அதற்கப்புறம்தான், மேசைமேல் வால் மெல்ல அசைந்தது.