சுற்றிப் போகிற விமானம்

“இதைவிடச் சுத்திப் போற ஃப்ளைட் ஏதாவது இருக்கா மேடம்?”

டிராவல்ஸில் டிக்கெட் போடும் அந்தப் பெண்மணிக்குத் தன் காது மேலேயே சந்தேகம் வந்தது.

வந்து உட்கார்ந்ததும் அவன் சொன்ன முதல் வார்த்தையே, “அப்பா தவறிட்டார், ஊருக்குப் போகணும்” என்பதுதான். பாவம் என்று கையிலிருந்த வேலையைப் போட்டுவிட்டுத் தேடினாள். சாயங்காலம் கிளம்பும் நேர் விமானத்தில், அவன் நல்ல நேரம், ஒரே ஒரு சீட் இருந்தது.

“சார், இதுல போனா பதினாலு மணி நேரம்தான். நாளைக்குக் காலையில வீட்டு வாசல்ல நிப்பீங்க.”

“வேண்டாம். நாளன்னைக்குக் காலையில இறங்குற மாதிரி பாருங்க.”

சரியான கஞ்சன் என்று முடிவு கட்டினாள். அப்பா பிணமாகக் கிடக்கிறார், பிள்ளை மலிவு டிக்கெட் தேடுகிறான்!

“ஒண்ணு இருக்கு. ரெண்டு ஊர்ல மாறணும். ஒரு இடத்துல அரை நாள் பெஞ்சுல உக்காரணும். முப்பத்தாறு மணி நேரம் ஆகும். விலையும் இதைவிட அதிகம்!”

“அதையே போட்டுடுங்க.”

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவது என்பார்களே, அதைக் காசு கொடுத்துச் செய்கிற ஆளை இப்போதுதான் பார்க்கிறாள்.

அவன் போன் அடித்தது. மறுமுனையில் போட்ட சத்தம் மேஜைக்கு இந்தப் பக்கம் வரை கேட்டது.

“எப்படா வர்றே? நீ வந்தாத்தான்டா எடுக்க முடியும். எல்லாரும் உனக்காகத்தான் உக்காந்திருக்கோம்!”

“நேர் ஃப்ளைட்டுல சீட் இல்ல சித்தப்பா. நாளன்னைக்குத்தான் வர முடியும்.”

அந்த ஒற்றை சீட் இன்னும் அவள் திரையில் இருந்தது. அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அப்பன் சாவிலுமா வாய் கூசாமல் பொய்?

“நான் கேக்கக் கூடாதுதான். ஆனாலும் மனசு கேக்கல. பெத்தவர் முகத்தைப் பார்க்க ஓடாம இப்படி ஊர் சுத்துறீங்களே, இது நல்லாவா இருக்கு?”

அவன் கோபப்படவில்லை. பாஸ்போர்ட்டை அவள் பக்கம் நகர்த்தினான்.

“எங்க அக்கா உலகத்தோட அந்த மூலையில இருக்கா மேடம். எந்த ஃப்ளைட்டைப் பிடிச்சாலும், அவ வந்து சேர நாளன்னைக்குக் காலை ஆயிடும்.”

“அதுவரைக்கும் பொறுங்கன்னு வீட்டுல சொல்ல வேண்டியதுதானே?”

“கெஞ்சிப் பார்த்துட்டேன். வீட்டை மீறிக் கட்டிக்கிட்டவளுக்காக எதுக்குக் காத்திருக்கணும்னு கேக்கறாங்க. மகன் வர எத்தனை நேரமானாலும் வச்சிருப்பாங்க மேடம். நான் போய் இறங்கிட்டா, அவ வர்ற வரைக்கும் அப்பா இருக்க மாட்டார்.”